உப்பில்லாத நேர்த்தி

என் நோயின் முதல் அறிகுறியை யாரும் நோய் என்று சொல்லவில்லை. கெட்டிக்காரி என்றார்கள்.

ஆறு வருடங்களுக்கு முந்தைய மாசி மாதம் அது. திருகோணமலை நகரில் ஒரு கந்தோரில், பிறப்பு இறப்புச் சான்றிதழ்களுக்குப் பிரதி எழுதிக் கொடுக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். மூன்று மாதமாகத் தேங்கிக் கிடந்த விண்ணப்பங்களை ஒன்பது நாளில் முடித்தேன். இரண்டு மணித்தியாலம் தூங்கினால் போதுமாக இருந்தது. காலையில் சாம்பல்தீவில் பஸ் ஏறினால், பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் எனக்குப் பிடித்திருந்தது. மேலதிகாரி கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு அருகே குடியிருக்கும் என் கணவரின் அக்கா, தவமணி மச்சாள், “இப்பத்தான் கௌரி கலகலப்பா இருக்கிறாள். இவ்வளவு நாளும் உம்மெண்டு திரிஞ்சவள்” என்று அயலுக்குச் சொல்லி மகிழ்ந்தார்.

பத்தாம் நாள் மத்தியானம் கடற்கரை வீதியின் நடுவில் போய் நின்றேன். எங்கள் நகரத் தெருக்களில் மான்கள் திரிவது வெளியூராருக்குத்தான் புதினம். எங்களுக்கு ஆடு மாடு மாதிரித்தான். அன்று அவை தெருவைக் கடக்கும் வரை வாகனங்களை மறிக்க வேண்டியது என் பொறுப்பு என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். உங்களுக்கு உங்கள் பெயர் தெரிவது போலத் தெரிந்தது. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் நின்றேன். சேலைத் தலைப்பு எப்போது விழுந்தது என்று தெரியாது. யாரோ போனில் படம் பிடித்தார்கள். நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே அந்தப் படம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்றைக்கும் நிலாவெளி பஸ்ஸில் பின் இருக்கையில் யாராவது “மான் அக்கா” என்று குசுகுசுப்பது கேட்கும். அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். மான்கள் மிக ஒழுங்காகத்தான் கடக்கின்றன.

டொக்டர் நோயின் பெயரைச் சொன்னார்: இருதுருவ மனநிலைக் கோளாறு (மனநிலை சில காலம் அளவுக்கு மிஞ்சி ஏறியும், சில காலம் படுக்கையை விட்டு எழும்ப முடியாதபடி இறங்கியும் நிற்கும் நோய்). லித்தியம் என்ற குளிசையைத் தொடங்கினார் (ஏற்றத்தையும் இறக்கத்தையும் மட்டுப்படுத்தும் மருந்து, அதுவும் ஒருவகை உப்புத்தான்). தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த அறையில் நானும் கணவரும் இருந்தோம். நான் டொக்டரின் மேசையில் கிடந்த பேனைகளை நிற வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தேன். கணவர் அழுதுகொண்டிருந்தார். படகு எஞ்சின் திருத்துகிற மனிதர். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மச்சாள் வெளியே விறாந்தையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றார். ஆக, உப்பைப் பற்றிச் சொன்ன அந்த வசனத்தைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்காகவும், அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஊர் என்ன சொல்லும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செய்வினை என்றார்கள், கண்ணூறு என்றார்கள். பிள்ளை இல்லாத யோசனை என்றார்கள். பேய் என்று சொன்ன கிழவிகளோடு எனக்குக் கோபமில்லை. அவர்கள் பேயைத்தான் ஏசினார்கள், என்னையல்ல. எனக்கு அலுத்துப்போனது படித்தவர்களின் கதைதான். “எல்லாருக்கும் ஒரு நாளைக்குச் சந்தோசம் ஒரு நாளைக்குக் கவலை வரும்தானே, அதுக்கு ஏன் குளிசை?” என்று என்னிடம் கேட்டவர், தன் சீனி வருத்தத்துக்குத் தினமும் மூன்று குளிசை போடுகிறவர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நான் விட்டுவிட்டேன்.

விட முடியாதது ஒன்று இருந்தது. நோய் வந்த பிறகு எனக்குக் கோபப்பட உரிமை இல்லாமல் போனது. கறியில் புளி கூடிப்போச்சு என்று நான் குரலை உயர்த்தினால், “குளிசை போட்டனீரே?” என்று கணவர் கேட்பார். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் கொஞ்சம் உரக்கச் சிரித்தால் மச்சாள் என் கையைப் பிடித்து அழுத்துவார். தலையிடி என்றாலும், காய்ச்சல் என்றாலும், முதலில் என் கண்ணைத்தான் பார்ப்பார்கள். என் உடம்பில் தலைக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்பது போல.

ஐந்து வருடம் குளிசை என்னை நிலத்தில் வைத்திருந்தது. போன வருடத் தொடக்கத்தில் ஓர் இறக்கம் வந்தது. இரண்டு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். மச்சாள்தான் தலை வாரிவிட்டார், வாயில் ஊட்டினார். தன் வீட்டையும் பார்த்து என் வீட்டையும் பார்த்தார். அந்த நேரத்தில்தான் அம்மனுக்கு நேர்த்தி (வேண்டுதல்) வைத்திருக்கிறார். நான் எழும்பி நடந்தால், நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாமல் சாப்பிடுவேன் என்று. நேர்த்தியை என் பெயரில் வைத்துவிட்டார்.

நான் எழும்பினேன். கந்தோருக்கும் போகத் தொடங்கினேன். வைகாசியில் ஒருநாள் மச்சாள் மெதுவாகச் சொன்னார்.

“பிள்ளை, அம்மாளுக்கு ஒரு கடன் கிடக்கு. நீ தனியச் செய்ய வேண்டாம். நாங்கள் எல்லாரும் உன்னோட சேர்ந்து சாப்பிடுவம்.”

எனக்குக் கடவுளோடு பெரிய கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆனால் இரண்டு மாதம் ஊட்டிவிட்ட கையை மறுக்க மனம் வரவில்லை. அதோடு என் படிப்பும் எனக்கு ஒரு நியாயம் சொன்னது: உப்பைக் குறைப்பது உடம்புக்கு நல்லதுதானே, எல்லா டொக்டர்மாரும் அதைத்தானே சொல்கிறார்கள். இந்தப் பிழையில் மச்சாளின் பங்கு பாதி, என் பங்கு பாதி. என் பாதிதான் மோசமானது.

அடுத்த நாளே குசினியில் உப்புப் பேணியைத் துணியில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார்கள். உப்பில்லாத கத்தரிக்காய், உப்பில்லாத பருப்பு. நேர்த்தி என்பதால் மீனும் இல்லை, கருவாடும் இல்லை. கணவர் முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்றார். மச்சாள் பார்த்த பார்வையில் மிச்சத்தைப் பேசாமல் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் அந்தளவு அன்பு அதற்கு முன் எனக்குக் கிடைத்ததாக நினைவில்லை. அதனால்தான் இதை எழுதக் கை தயங்குகிறது.

அது கச்சான் காற்றுக் காலம். மேற்கிலிருந்து அடுப்பு வாசலைத் திறந்தது போல வீசும். பஸ்ஸிலும் கந்தோரிலும் வேர்த்து ஊற்றியது. இரண்டாம் கிழமை வயிற்றோட்டம் தொடங்கியது. பிறகு சத்தி (வாந்தி). மூன்றாம் கிழமை கை நடுங்கியது. குளிசை தொடங்கிய நாளிலிருந்தே எனக்கு விரலில் ஒரு சின்ன நடுக்கம் உண்டு, இது வேறு. பிரதிகளில் என் எழுத்து கோழி கிளறிய மண் மாதிரி ஆனது. நாக்கு தடித்தது. நடந்தால் நிலம் சரிந்தது.

கந்தோரில் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “பேசாம லீவு எடுங்கோ. திரும்பவும் தெருவில நிக்காமல் பாருங்கோ” என்றார். நல்ல எண்ணத்தோடுதான். பஸ்ஸில் தடுமாறி ஒருத்தியின் மேல் விழுந்தபோது அவள் பிள்ளையை மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன், “இஞ்சேருங்கோ, இது அது இல்லை. என்ர உடம்புக்கு ஏதோ செய்யுது. என்ர பைத்தியத்தை எனக்குத் தெரியும்.”

“நீர் முதலும் அப்பிடித்தானே சொன்னனீர்,” என்றார். “ஒரு வருத்தமும் இல்லை, எனக்கு எல்லாம் வடிவா விளங்குது எண்டு.”

அது உண்மை. அப்படித்தான் சொன்னேன். இந்த நோய் எடுத்துக்கொண்டு போகிற பொருட்களில் பெரியது இதுதான்: ஒருமுறை பொய்யாகச் சொன்ன வாய், அதற்குப் பிறகு சொல்லும் உண்மைக்கும் உதவாது. அன்றிலிருந்து அவர் குளிசையைத் தன் கையாலேயே தந்தார். நான் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். “வாயைத் திறவும், பாப்பம்” என்றார். என்னைக் காப்பாற்றுகிறார் என்றுதான் அவர் நினைத்தார்.

மச்சாளின் வற்புறுத்தலில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எது என்று எழுத மாட்டேன்; எங்கேயும் நடக்கக்கூடியது அது. அங்கே இருந்த இளம் டொக்டர் என் கிளினிக் கொப்பியை விரித்தார். முதல் பக்கத்தில் இருந்த நோயின் பெயரைப் பார்த்ததும் கொப்பியை மூடிவிட்டார். வயிற்றோட்டம், சத்தி என்று நான் சொல்லத் தொடங்கியது, டொக்டர் என் கணவரின் பக்கம் திரும்பியதில் நின்றுபோனது.

“வாற கிழமை மனநலக் கிளினிக்குக்குக் கொண்டு வாங்க,” என்று கணவரிடம் சொன்னார். “மருந்தைத் தவறாமக் குடுங்க.”

நேர்த்தியின் இருபத்துமூன்றாம் நாள் திங்கட்கிழமை. வீட்டில் நின்றால் பைத்தியம் என்பதை நானே ஒப்புக்கொண்டது போலாகும் என்ற வீம்பில் கந்தோருக்குப் போனேன். வரவுப் பதிவில் கையெழுத்துப் போடக் குனிந்தேன். பேனை கையில் நிற்கவில்லை. மேசையோடு சரிந்து விழுந்தேன். நினைவு முற்றாகப் போகவில்லை. போயிருந்தால் நல்லது. எல்லாம் கேட்டது.

“பைத்தியம் எழும்பிட்டுது, எழும்பிட்டுது.”

“கிட்டப் போகாதேங்கோ, அடிச்சாலும் அடிப்பா.”

“கையில இரும்பைக் குடுங்கோ.” யாரோ அலுமாரித் திறப்புக் கோர்வையை (சாவிக் கொத்தை) என் உள்ளங்கையில் திணித்தார்கள். கை நடுங்கிய நடுக்கத்தில் திறப்புகள் சலங்கை மாதிரிக் குலுங்கின. பிரதி வாங்க வந்து நின்ற சனத்தில் ஒருவர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார். திரும்பவும் ஒரு படம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்குச் சாவு பயமாக இருக்கவில்லை. இப்படியே செத்தால், பைத்தியத்தில் செத்தாள் என்று என் இறப்புச் சான்றிதழைப் பக்கத்து மேசைக்காரர் எழுதுவாரே என்பதுதான் இருந்தது.

பக்கத்து மேசை ஜெஸீமாவுடையது. கிண்ணியாவிலிருந்து வருகிறவள். நான்கு வருடமாக என் பக்கத்தில் இருக்கிறாள். அதிகம் கதைக்க மாட்டாள். காலையில் தன் போத்தலை நிரப்பப் போகும்போது என் போத்தலையும் நிரப்பிக்கொண்டு வந்து வைப்பாள். தங்கைக்குக் கலியாணப் பேச்சு என்று அதற்கு முந்தைய இரண்டு கிழமை லீவில் நின்றாள். அன்று காலைதான் திரும்பி வந்திருந்தாள்.

அவள் சனத்தை விலக்கிக்கொண்டு வந்து நிலத்தில் இருந்தாள். என் கையிலிருந்து திறப்புக் கோர்வையை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள்.

“கௌரி அக்கா, வயித்தால போகுதா? சத்தி எடுத்தீங்களா?”

தலையாட்டினேன்.

“என்ன சாப்பிட்டீங்க? தண்ணி குடிச்சீங்களா?”

“உப்பு... இல்லை,” என்று சொன்னேன். நாக்கு புரளவில்லை. “நேர்த்தி.”

தலைமறைப்பை ஒருதரம் இழுத்துச் சரிசெய்தாள். பிறகு எழும்பி நின்று, அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னாள்.

“இது பைத்தியமில்ல. குளிச கூடி உடம்பு நஞ்சாப் போயிருக்கு. எங்கட உம்மாவும் இதே வருத்தம்தான். இதே குளிசதான். எட்டு வருஷமாப் போடுறா. டொக்டருக்குச் சொல்லாம நோன்பு புடிச்சு, தண்ணியில்லாம இப்படித்தான் விழுந்தா. ஆராவது ஓட்டோ ஒண்டு கூப்பிடுங்க!”

போனை உயர்த்தி வைத்திருந்தவர் அதைக் கீழே இறக்கினார். ஜெஸீமாவின் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அந்த வரிசையில் நின்றார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவளுக்கு அப்போதே தெரியும்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு டொக்டர் என் கொப்பியைத் திறக்கப் போனபோது, ஜெஸீமா அதன் மேல் கையை வைத்தாள். “முதல்ல இவங்களப் பாருங்க டொக்டர். பிறகு கொப்பியப் பாருங்க.” அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையை நீட்டச் சொன்னார். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும் வரை காத்திருக்காமல் குளிசையை நிறுத்தி, சேலைன் (உப்புக் கலந்த நீர்) ஏற்றத் தொடங்கினார்கள். உடம்பில் உப்புக் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று டொக்டர் விளக்கினார். பின்னேரம் வந்த முடிவில், இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

கணவரும் மச்சாளும் ஓடி வந்தார்கள். மச்சாள் தொங்கிய போத்தலைப் பார்த்து நின்றார்.

“இது என்ன மிஸ் ஏத்துறியள்?” என்று தாதியிடம் கேட்டார்.

“உப்புத் தண்ணி அம்மா. இவங்களுக்கு உப்புக் காணாது.”

மச்சாள் அப்படியே கட்டிலோரம் நிலத்தில் இருந்துவிட்டார். சத்தம் போட்டு அழவில்லை. “நானே உனக்கு நஞ்சு வைச்சனான்? என்ர கையாலயே?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் ஏதோ சொல்லப் பார்த்தேன். நாக்கு இடம் கொடுக்கவில்லை. கணவர் மற்றப் பக்கம் நின்று என் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், “நீர் சொன்னனீர்,” என்றார். எனக்கு அது போதும். போதாது என்றும் சில நாள் தோன்றும்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தேன். சிறுநீரகங்கள் தப்பின. குளிசையைக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கினார்கள். அது இல்லாமல் நான் திரும்பவும் தெருவில்தான் நிற்பேன் என்பதை நான் மறக்கவில்லை. குளிசையைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மச்சாள் என்னிடம் சொல்லாமல் ஒன்று செய்தார். மிச்சமிருந்த இருபத்தைந்து நாளையும் தான் தனியே உப்பில்லாமல் சாப்பிட்டு முடித்தார். அதற்கு முன், “நான் உப்பில்லாமச் சாப்பிடலாமோ?” என்று டொக்டரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர் வாழ்க்கையில் கடவுள் காரியத்துக்கு டொக்டரிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல்முறை.

நான் டொக்டர் இல்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். லித்தியம் போடுகிறவர் வீட்டில் உங்களுக்கு இருந்தால், விரதமோ நோன்போ தொடங்க முன்பு, உப்பைக் குறைக்க முன்பு, கிளினிக்கில் ஒரு சொல் கேளுங்கள். வயிற்றோட்டமும் சத்தியும் வந்தால், கை புதிதாக நடுங்கினால், அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, “இது அது இல்லை” என்று அவர் சொன்னால் ஒருமுறை நம்பிப் பாருங்கள். பிழையாகப் போனால் ஓர் இரத்தப் பரிசோதனைதான் வீண்.

ஜெஸீமாவின் தங்கையின் கலியாணப் பேச்சு அந்த மாதமே நின்றுபோனது. “தாய்க்கு அப்பிடியாமே” என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிட்டார்கள். எனக்கு இதை ஜெஸீமா சொல்லவில்லை. கந்தோரில் வேறொருவர் சொன்னார். நான் அவள் மேசைக்குப் போய் நின்றேன்.

“நிண்டு என்ன செய்யப் போறீங்க? இரிங்க,” என்றாள். “அவங்க கலியாணத்துக்குப் பிறகு கேட்டிருந்தா எண்ட தங்கச்சி எங்க போவா? இப்ப கேட்டது நல்லம்.” குரலில் களைப்பு இருந்தது. அது முழு உண்மை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்போது என் நாட்கள் வேறு மாதிரி ஓடுகின்றன. முன்பு மாதம், சம்பளம், திருவிழா என்று இருந்த காலம், இப்போது ஓர் இரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததுக்கு ஓடுகிறது. கடைசிக் குளிசைக்கும் இரத்தம் எடுக்கும் ஊசிக்கும் நடுவே பன்னிரண்டு மணித்தியாலம் இருக்க வேண்டும். அந்தக் காலையில் மணிக்கூட்டைப் பார்த்தபடி வெறுமனே உயிரோடு இருப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு நாளும் எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர். சந்தோசம் வந்தால் முந்தின இரவு எத்தனை மணித்தியாலம் தூங்கினேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். என் கையெழுத்தில் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. என் கையால் பிரதி எழுதப்பட்ட பிள்ளைகளின் பிறப்புகள் எல்லாம் கொஞ்சம் நடுங்கித்தான் இருக்கின்றன.

இந்த வருட நோன்பு மாதம் வந்தது. ஜெஸீமா விடியுமுன் எழும்பிச் சமைத்துவிட்டு பஸ் ஏறி வருவாள். பத்து மணிக்கெல்லாம் அவள் உதடு காய்ந்திருக்கும். அவளுக்கு முன்னால் குடிக்கக் கூச்சப்பட்டு, போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போவேன். மூன்றாம் நாள் அவள் கதிரையைத் திருப்பினாள்.

“எங்க போறீங்க?”

“தண்ணி குடிக்க. நீர் நோன்பெல்லே.”

“இதிலயே இருந்து குடிங்க.” கையில் இருந்த விண்ணப்பத்தை மேசையில் வைத்தாள். “எங்கட உம்மா இவ்வளவு வருஷமும் நோன்புக்குக் குசினிக் கதவைச் சாத்திட்டுத்தான் தண்ணி குடிச்சா. நோன்பு புடிக்கிறா எண்டு ஊருக்குக் காட்ட. இந்த முறை முன் அறையில, வாசலப் பாத்துட்டு இருந்து குடிக்கிறா. நாங்க சொல்லல்ல. அவவாப் போய் இருந்துட்டா.”

நான் திரும்பி என் கதிரையில் இருந்தேன். போத்தல் மூடியைத் திறக்கும்போது கை வழக்கம்போல நடுங்கி, கொஞ்சம் மேசையில் சிந்தியது. ஜெஸீமா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

“பத்தரை. அரை மணித்தியாலம் பிந்திட்டீங்க,” என்றாள். காய்ந்த உதட்டோடு, நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.